முப்பத்தொன்று, உள்ளேன்

...குரல் என்று ஒன்று கேட்டால் அதற்கு ஒரு தொண்டை இருந்தாக வேண்டும், தொண்டைக்கு ஓர் ஆள், ஆளுக்கு பெஞ்சில் ஓர் இடம், அந்த இடம் காலியாகத்தான் கிடந்தது என்று பின்னால் எல்லோரும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்கள், அப்படியானால் பதினெட்டு நாள் தன் காதில் விழுந்தது என்ன என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, சேர்க்கை மேசைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமலே "பத்தொம்பது" என்றார். பத்தொன்பது எழுந்து போனது. அவள் கையிலிருந்த சீட்டில் முப்பத்து நான்கு. இன்னும் பதினைந்து தடவை கூப்பிட வேண்டும், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் நாற்பத்தைந்து நிமிடம், அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்... முடிவு செய்ய என்ன இருக்கிறது, முடிவையெல்லாம் உறையில் போட்டு ஒட்டி, மேலே பள்ளி முத்திரையும் குத்தி, கைப்பையில் வைத்துத்தானே அனுப்பியிருக்கிறார் தலைமை ஆசிரியர். விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் பயிற்சி, கணிதம், இரண்டு வருடம். எந்த வழி, நேரடியா தபாலா. நேரடி என்றால் தினமும் இந்தக் கல்லூரிக்கு வர வேண்டும், பள்ளி அலுவலகத்தில் பதினோரு வருடமாகப் பார்க்கும் பதிவேட்டு வேலையை விட வேண்டும், நாற்பது நாள் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் நிஜப் பிள்ளைகளின் முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு வேலை கிடைக்குமா என்று கேட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். தபால் என்றால் புத்தகம் வீட்டுக்கு வரும். வேலையும் வீட்டுக்கு வருகிற மாதிரிதான், படித்து முடித்ததும் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு உனக்குத்தான் என்று தலைமை ஆசிரியர் வாக்குக் கொடுத்திருக்கிறார். கணக்கில் பட்டம் வாங்கியவளுக்கு இந்தக் கணக்கு தெரியாதா என்ன, சின்னக் குழந்தைகூட போட்டுவிடும். ஆனாலும் பேனா அந்தக் கட்டத்துக்கு மேலே வந்ததும் நின்றுவிடுகிறது, வீட்டு மேசையில் நின்றது, பேருந்தில் மடியில் வைத்து எழுதப் பார்த்தபோதும் நின்றது, இங்கேயும் நிற்கிறது.

கூடத்தின் மறுகோடியில் கல்லூரி முதல்வர் மைக்கின் முன்னால் நின்று அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். சேர்க்கைக்கு வந்தவர்களைச் சும்மா உட்காரவைக்கக் கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டிருக்க வேண்டும், சும்மா உட்கார்வது எவ்வளவு நல்ல விஷயம் என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று. ஆசிரியர் ஒரு மெழுகுவர்த்தி என்றார், சற்று நேரத்தில் ஏணி என்றார், தோணி என்றார், சிற்பி என்றார், தோட்டக்காரர், கலங்கரை விளக்கம், இன்னும் என்னென்னவோ. இவ்வளவு நேரத்தில் ஒருமுறைகூட ஆசிரியர் ஒரு ஆள் என்று அவர் வாய் தவறிக்கூடச் சொல்லவில்லை. ஏணி என்று அவர் சொன்ன அதே நேரத்தில் ஒரு எலெக்ட்ரீஷியன் நிஜ ஏணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மேடைக்குக் குறுக்கே போனார், முதல்வர் அதைக் கவனிக்கவில்லை, மேலே பார்த்தே பேசிப் பழகியவர். அவள் மடியில் கல்லூரிக் கையேடு கிடந்தது. அட்டையில் ஒரு வகுப்பறை, பெஞ்சுகள் நிறைய மாணவிகள், எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள், எந்த வகுப்பில் எல்லோரும் கையைத் தூக்குகிறார்கள்... உற்றுப் பார்த்தாள். முதல் வரிசை ஓரத்தில் இருந்த பெண்ணே மூன்றாவது வரிசையிலும் இருந்தாள். கடைசி வரிசையில் ஜன்னலோரத்திலும் அவளே, அதே கை, அதே பின்னல், பாதி மூடிய அதே கண். ஆள் பற்றாததால் ஒட்டிச் சேர்த்திருக்கிறார்கள், அச்சகத்துக்காரனின் கைவேலை, வேறென்ன. பக்கத்து நாற்காலியில் இருந்த இயற்பியல் பட்டதாரிப் பெண் பிஸ்கட்டைக் கடித்தபடி எட்டிப் பார்த்து, "எங்க அண்ணன் இங்கதான்கா படிச்சான், இந்த மாதிரி நெறைஞ்ச கிளாஸ அவன் கண்ணால பாத்ததே இல்லயாம்" என்றாள். அவளுடைய சீட்டு முப்பத்து மூன்று. அவள் சிரித்தாள். இவளுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் கடைசி வரிசை ஜன்னலோரம் என்று மனசு ஒருதரம் சொல்லிப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அந்த இடம்தான். ஒன்பதாம் வகுப்பில் காலியாகக் கிடந்ததும் அதே இடம்தான். கையேட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

யார் தப்பு என்று பார்த்தால் ஆரம்பம் எண்களில்தான் இருக்கிறது. தலைமை ஆசிரியருக்குப் பள்ளிக்கூடத்தில் கேடயம் என்று பட்டப்பெயர், மாவட்டத்தில் எந்த மூலையில் எதற்குக் கேடயம் கொடுத்தாலும் அது அவர் அறை அலமாரியில் வந்து உட்கார்ந்துவிடும், அவர் ஒருநாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே வருகை எடுப்பதைக் கவனித்துவிட்டு ஒரு கண்டுபிடிப்பு செய்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு நிமிடம், எண் சொல்லிக் கூப்பிட்டால் ஒன்றரை நிமிடம், மிச்சம் இரண்டரை நிமிடம், வருடத்துக்கு எட்டரை மணி நேரம் கல்வி கூடுதலாகக் கிடைக்கிறது. இதைக் கல்வி அலுவலகத்துக்கு எழுதி அதற்கும் ஒரு கேடயம் வாங்கினார். அந்த எட்டரை மணி நேரத்தை யாரும் எங்கேயும் பார்த்ததாகத் தெரியவில்லை. கணக்கு டீச்சர் பிரசவத்துக்குப் போனபோது, "ரெஜிஸ்டர் அக்கா, நீ போய் ஒன்பதாம் வகுப்புல வருகை எடுத்துட்டுச் சத்தம் போடாம பாத்துக்கோ, பாடம் கீடம் ஒண்ணும் வேண்டாம்" என்று அவளை அனுப்பினார். போனாள். பதிவேட்டுக் கணக்குப்படி அறுபத்தெட்டுக் கண்கள். டீச்சர் என்று யாரோ கூப்பிட்டபோது வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள், யார் வந்தது என்று. மூன்றாம் நாள் கரும்பலகையில் சும்மா ஒரு விகிதக் கணக்கை எழுதினாள், இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் "அட, இவ்வளவுதானா டீச்சர்" என்றாள், அந்த அட என்ற சொல் சாயங்காலம் வரை காதில் இனித்துக்கொண்டிருந்தது, பதினோரு வருடம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்தியதில் ஒரு நாளாவது யாராவது அட என்றிருப்பார்களா. அன்றுதான் ஆசை வந்தது. அதிலிருந்து தினமும் வருகையைச் சுருக்கி முடித்துவிட்டுக் கணக்குக்குப் போய்விட வேண்டும் என்ற அவசரம். குனிந்த தலை நிமிராமல் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓட்டினாள். முப்பது. உள்ளேன் டீச்சர். முப்பத்தொன்று. ஒரு சின்ன இடைவெளி, பிறகு உள்ளேன் டீச்சர். முப்பத்திரண்டு... அந்த ஒரு குரல் மட்டும் எப்போதும் கொஞ்சம் தாமதமாக வரும், மெலிசாக, தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி. கூச்ச சுபாவமுள்ள பெண் என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் நிமிர்ந்து முகத்தைப் பார்த்து நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்தாள், நினைத்ததோடு சரி.

"இருவத்தஞ்சு" என்றார் குமாஸ்தா.

பதிவேட்டில் பதினெட்டு நாள், எல்லாக் கட்டத்திலும் வந்ததற்கான கோடு, வராததற்கான சுழி ஒன்றுகூடக் கிடையாது. ஒன்பதாம் வகுப்புக்கு முழு வருகைக் கேடயம் கிடைத்தது, காலையில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துத் தலைமை ஆசிரியர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார், அவளும் கைதட்டினாள். மறுநாள் அலுவலக ஜன்னலில் ஒரு அம்மா வந்து நின்றார். பொண்ணுக்கு டி.சி. வேணும்மா, வேற ஊருக்குப் போறோம். எந்த வகுப்பு, எந்த நம்பர் என்று கேட்டுப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு அவள் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்... "ஒரு நாள்கூட லீவு போடாத பொண்ணாச்சேம்மா, பாருங்க, நீங்களே பாருங்க," என்று பதிவேட்டைத் திருப்பிக்கூடக் காட்டினாள். அந்த அம்மா அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க, அவ எந்திரிச்சு மூணு வாரத்துக்கு மேல ஆச்சு" என்றார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, டாக்டருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை, படுத்தபடியே கிடக்கிறாள், யாரோடும் பேச்சில்லை. "மூணு நாள் வரலன்னா ஸ்கூல்லேருந்து ஆள் வந்து கேப்பாங்கம்மான்னு சொன்னா. மொத வாரம் வாசலப் பாத்தே படுத்திருந்தா. அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிட்டா." அப்படி ஒரு வழக்கம் பள்ளியில் நிஜமாகவே இருந்தது, மூன்று சுழி விழுந்தால் வீட்டுக்கு ஆள் போக வேண்டும், சுழிதான் விழவில்லையே. டி.சி.யை எழுதிக் கையில் கொடுத்தபோது அந்த அம்மா கிளம்பாமல் நின்றார், பிறகு, யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதுபோலச் சொன்னார். "ஒரே ஒரு பேச்சுதான்மா. தெனமும் காலைல ஒன்பதே காலுக்கு உள்ளேன் டீச்சர்ங்கறா. யாருகிட்டடி பேசறன்னா, கூப்பிடறாங்கல்லம்மா, பதில் சொல்ல வேணாமாங்கறா."

ஒன்பதே கால். வருகை எடுக்கிற நேரம்.

வகுப்புக்குப் போய்க் கேட்டாள். யாரு முப்பத்தொண்ணுக்குக் குரல் குடுத்தது, உண்மையைச் சொல்லிடுங்க, திட்ட மாட்டேன், தலைமை ஆசிரியர்கிட்டயும் சொல்ல மாட்டேன். குறும்புக்காரப் பிள்ளைகள் செய்கிற வேலைதான் இது, எல்லாப் பள்ளியிலும் நடப்பது, அவளே படிக்கிற காலத்தில் தோழிக்காகக் குரலை மாற்றிச் சொல்லியிருக்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. முதல் பெஞ்சுப் பெண் எழுந்து நின்று, "நீங்கதான் டீச்சர்" என்றாள். என்ன நான்தான்? "நீங்களேதான் கூப்பிடுவீங்க, கொஞ்ச நேரம் கழிச்சு நீங்களே சொல்லிக்குவீங்க. ஏதோ கணக்குக்காகச் செய்றீங்கன்னு நெனச்சோம்." முப்பத்து மூன்று தலைகளும் ஆமாம் என்று ஆடின. எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தாள், ஆனால் பேசிவைத்துக்கொண்ட பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், இவர்கள் அவளைத்தான் பார்த்தார்கள், உடம்பு சரியில்லாதவரைப் பார்ப்பதுபோல. தலைமை ஆசிரியரிடம் போய் நடந்ததைச் சொல்லிச் சுழி போட அனுமதி கேட்டாள். அவர் அலமாரியில் இருந்த புதுக் கேடயத்தை ஒருதரம் பார்த்தார். "ரெஜிஸ்டர் தப்பு சொல்லாதும்மா, மனுஷங்கதான் தப்பு சொல்லுவாங்க. அந்தம்மாவுக்கு ஞாபகப் பிசகு. பொண்ணு வந்திருக்கா, உள்ளேன்னு சொல்லியிருக்கா, நீ காதால கேட்டிருக்க. அப்புறம் என்ன?" அப்புறம் என்ன என்றுதான் அவளும் கேட்கிறாள். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டு உட்காரச் சொன்னார், பதினோரு வருடத்தில் முதல் தடவை, டீச்சர் ஆகணும்னு ஆசையாமே, தபால்ல போடு, நாப்பது நாள் பயிற்சி வகுப்பை நம்ம ஸ்கூல்லயே நடத்தின மாதிரி காட்டிக்கலாம், நீ கிளாஸ் பக்கமே போக வேண்டாம், நாப்பது கையெழுத்தையும் நான் ஒரே நாள்ல போட்டுத் தர்றேன்... அதற்கு அவர் கொடுத்த கடிதம்தான் பையில் இருக்கிறது. நாற்பது கட்டம், நாற்பது கோடு. அவள் ஜன்னலுக்குப் பின்னால் முத்திரை குத்திக்கொண்டிருப்பாள், வகுப்பில் அவளுடைய இடத்தில்... அங்கே யார் நிற்பார்கள்? யாரும் இல்லாத வகுப்பில் யார் பாடம் நடத்தியதாகக் கணக்கு? ஒருவேளை நிஜமாகவே ஏதாவது நிற்குமோ, அதுவும் நாற்பது நாள், சாக்பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் தாமதமாகப் பேசிக்கொண்டு.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக், பேய் பிசாசு என்றால் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் காட்டுகிற ஆள். அவரிடம் சொன்னாள். "எத்தனை தடவ பாத்திருக்கேன், ஆளே குடியில்லாத ஆறாவது மாடியில லிஃப்ட் போய் நிக்கும், கதவத் தெறக்கும், மூடும், கீழ வரும். யாரும் பட்டன அமுக்கல. ஒயரோட ஒயர் ஒரசியிருக்கும், அவ்வளவுதான். உனக்கும் அதான், தெனமும் ஒரே நம்பரச் சொல்லிச் சொல்லி வாய் தானா பதில் சொல்லியிருக்கும்" என்றார். நியாயமான பதில். ஏங்க, அந்தக் கதவு தெறந்தப்போ யாராச்சும் ஏறியிருந்தா கீழ வந்ததும் தெரியுமா, என்று கேட்டாள். "பைத்தியமா உனக்கு, ஒழுங்கா தபால்னு எழுதிட்டு வர்ற வழியப் பாரு" என்றார். அந்த ஆறு மாடிக் கட்டிடத்தில் மட்டும் அவர் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறித்தான் போகிறார் என்று அவருடைய கூட்டாளி ஒருநாள் சொல்லியிருக்கிறார். உடம்புக்கு நல்லதாம்.

முதல்வர் ஒருவழியாகப் பேசி முடித்தார், அதாவது மைக் நின்றுபோயிற்று, அவர் அதற்குப் பிறகும் சற்று நேரம் வாயசைத்துக்கொண்டிருந்தார், முன் வரிசையில் இருந்தவர்கள் மரியாதைக்குத் தலையாட்டினார்கள். கூடத்தில் சத்தம் அடங்கியது. குமாஸ்தாவின் பேனா கீறுவதுகூடக் கேட்டது. மனிதர் காலையிலிருந்து ஒருதரமும் நிமிரவில்லை, உச்சி வழுக்கைதான் அவருடைய முகம், அதைப் பார்த்துத்தான் எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். இருபத்தொன்பது போனது, முப்பது போனது. "தபால்னே போட்டுடுங்கக்கா" என்றாள் பக்கத்துப் பெண், "நாங்கதான் கதியில்லாம நேரடில சேர்றோம். பாடம் நடத்தறப்போ பின்னாடி பெஞ்சுல ஒரு சார் உக்காந்து நம்மளையே மொறச்சுப் பாத்துக் குறிப்பு எழுதுவாராம். நாப்பது நாள். தேவையா உங்களுக்கு இந்த வயசுல?" பின் பெஞ்சில் ஒருவர், நம்மையே பார்த்துக்கொண்டு... பயமாக இருக்க வேண்டிய விஷயம் ஏன் ஆறுதலாக இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. பையிலிருந்த உறையைத் தொட்டுப் பார்த்தாள். இருக்கிறது. சரி, தபால். முடிந்தது. யாரோ ஒரு பிள்ளைக்காகப் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள முடியுமா, பெயர்கூடத் தெரியாத... டி.சி.யில் அவள் கையாலேதான் எழுதினாள், அவளுக்கு அந்தப் பெயர் இப்போது நினைவுக்கு வரவில்லை. எவ்வளவு முயன்றும் எண்தான் வருகிறது.

"முப்பத்தொண்ணு" என்றார் குமாஸ்தா.

யாரும் எழவில்லை. இரண்டு வரிசை தள்ளி ஒரு காலி நாற்காலி, டீ குடிக்கப் போயிருப்பார்கள், அல்லது மனசு மாறி வீட்டுக்கே போயிருப்பார்கள். ஒரு சின்ன இடைவெளி. பிறகு "உள்ளேன்" என்று மெலிசாக ஒரு குரல். குமாஸ்தா தலையைத் தூக்காமல் பட்டியலில் ஒரு கோடு போட்டார். "ஓரமா நில்லுங்க, கூப்பிடறேன். முப்பத்திரெண்டு." ஓரத்தில் யாரும் நிற்கவில்லை. அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள், யார், யார் சொன்னது, பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்து, இப்போ சொன்னது யாருன்னு பாத்தியாம்மா என்று கேட்டாள். அந்தப் பெண் கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள். "என்னக்கா வெளையாடறீங்க. நீங்கதானே சொன்னீங்க. உங்க நம்பர் முப்பத்தி நாலு இல்ல?" அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். வறண்டிருந்தது, அவ்வளவுதான், பேசிய தொண்டைக்கும் பேசாத தொண்டைக்கும் தொட்டுப் பார்த்தால் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது. சுவரில் கடிகாரம் மதியம் பன்னிரண்டைக் காட்டிக்கொண்டிருந்தது, ஒன்பதே கால் இல்லை, அந்த மட்டில் ஒரு நிம்மதி, பிறகு அந்த நிம்மதியும் போயிற்று, வேறு ஊருக்குப் போனவள் நேரத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம், அல்லது அந்த ஊரில் கூப்பிட யாரும் இல்லாமல் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லிக்கொண்டிருக்கலாம்... என்ன யோசனை இது, ஒயரோட ஒயர், அவ்வளவுதான். பக்கத்துப் பெண் எழுந்து போனாள், மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டு, இந்தப் பக்கம் திரும்பாமல் வெளியே போய்விட்டாள்.

"முப்பத்தி நாலு."

எழுந்தாள், நடந்தாள், வழுக்கைக்கு முன்னால் போய் நின்றாள். விண்ணப்பத்தை நீட்டினாள், அவர் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டி, காலிக் கட்டத்தில் பேனா முனையை வைத்துக்கொண்டு, "இத எழுதலியே. நேரடியா, தபாலா?" என்றார். தபால் என்று சொல்ல நாக்கை மேலண்ணத்தில் வைத்தாள், இதற்கு எதற்கு இவ்வளவு ஒத்திகை, மூன்றெழுத்து, உறை வேறு பையில் தயாராக இருக்கிறது. ஒரு சின்ன இடைவெளி. "நேரடி" என்று கேட்டது. மெலிசாக, கொஞ்சம் தாமதமாக, தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி. குமாஸ்தா கட்டத்தில் எழுதினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை, பின்னால் யாராவது நின்றால் என்ன செய்வது, யாரும் நிற்காவிட்டால்தான் என்ன செய்வது. இல்லங்க, தபால்னு மாத்துங்க என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது, நிறையவே இருந்தது, அவர் முத்திரைக் கட்டையைத் தேடிக்கொண்டிருந்தார், முத்திரை குத்தும் வரை எதையும் மாற்றலாம் என்று அவளுக்குத் தெரியாதா. "இங்க கையெழுத்து" என்றார். கை போட்டது. அது அவளுடைய கைதான், அவளுடைய கையெழுத்துதான், அதில் மட்டும் சந்தேகமில்லை. முத்திரை விழுந்தது. ரசீதைக் கிழித்து நீட்டினார், வாங்கிக்கொண்டாள், போக வேண்டியதுதான், ஆனால் கால் நகரவில்லை, இந்த மனிதர் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் போதும், சற்று முன் பதில் சொன்னது யார் என்று அவர் முகத்திலேயே தெரிந்துவிடும் என்று தோன்றியது, ஒரே ஒரு தடவை. வாசலைப் பார்த்தே படுத்திருந்தா என்று அந்த அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. நின்றாள். அவர் பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு, "முப்பத்தஞ்சு" என்றார்.